கரிசலில் இரும்பு: பூச்சின் தடிப்பா, பிடிப்பா?

அரிப்பு என்றாலே தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் கண் கடலுக்குப் போய்விடும். 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்ற ஒரு நூற்றாண்டு போராடினார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் தனிக் கள ஆய்வு நிலையமே வைத்திருக்கிறது. கரிசலுக்கு இந்த அக்கறையில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

கோவில்பட்டி, கயத்தாறு, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை, கமுதி என நீளும் மானாவாரிக் கரிசல் நிலத்தில் இன்று மண்ணுக்குள் நிற்கும் இரும்பு மிக அதிகம். காற்றாலைகளின் எர்த் கம்பிகள், மின்கோபுரக் கால்கள், குடிநீர்க் குழாய்கள் எல்லாம் இங்கே உண்டு. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தபின் வரிசை வரிசையாகத் தாங்குகால்களும் சேர்ந்துகொண்டன. இவை கால் நூற்றாண்டாவது நிற்க வேண்டியவை.

கரிசல் சும்மா கிடக்கும் மண் அல்ல. அதன் களியில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சி உப்புகிறது. கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பு வழியே கம்பியின் மேற்பகுதிக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும். அடியில், ஈரம் காயாத களியில், ஆக்சிஜனுக்குப் பஞ்சம். ஒரே கம்பி இரண்டாகப் பிரிந்து மின்கலமாகிவிடுகிறது. காற்றுக் கிடைக்காத பகுதி நேர்மின்வாயாகிக் கரைகிறது. துரு கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் வேலை செய்வதால், மேலே பளபளப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறோம்.

மண்ணும் காற்றும் எவ்வளவு வேறுபட்டவை என்பதற்கு டெல்லி இரும்புத் தூண் நல்ல சாட்சி. பாஸ்பரஸ் மிகுந்த அந்த இரும்பின்மேல் படிந்த மெல்லிய காப்புப் படலம் 1,600 ஆண்டுகளாக அதைக் காத்துவருவதை ஐஐடி கான்பூரின் ஆர். பாலசுப்பிரமணியம் விரிவாக ஆராய்ந்து விளக்கினார். ஆனால் 1961இல் அடிப்பகுதியைத் தோண்டியபோது, புதைந்திருந்த பாகம் நன்றாகவே அரித்திருந்தது. அதற்கு ஈயத்தகடு போர்த்தினார்கள். நனைந்து காயும் காற்றில் உருவான படலம், ஈர மண்ணில் உருவாகவில்லை.

துத்தநாக முலாமுக்கும் இது பொருந்தும். காற்றில் துத்தநாகம் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட் படலம் கட்டிக்கொள்ளும். அங்கே தடிப்பு இரட்டித்தால் ஆயுளும் ஏறக்குறைய இரட்டிக்கும். காற்றோட்டமற்ற களியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. கரிசல் காரத்தன்மை உடையது, சுண்ணாம்பும் கலந்தது. அது துத்தநாகத்துக்கு ஓரளவு சாதகம்தான். குளோரைடு, சல்பேட் உப்புகள் திரண்ட இடங்களில் அந்தச் சாதகமும் போய்விடுகிறது.

தடிப்பைவிடப் பிடிப்பே கரிசலில் முதன்மை என்பது இக்கட்டுரையின் வாதம். உப்பிச் சுருங்கும் மண் குழாயைக் கவ்வி இழுக்கும்போது, ஒட்டவைத்த பூச்சு சுருக்கம் விழுந்து விடுபடுகிறது. அடியில் நீர் புகுந்தால், வெளியிலிருந்து மின்னோட்டம் செலுத்தித் தரும் அரிப்புக் காப்பும் அந்த இடத்தை எட்டாது. குழாய்களின் விரிசல் அரிப்பை விசாரித்துக் கனடாவின் தேசிய எரிசக்தி வாரியம் 1996இல் தந்த அறிக்கை, பாலித்தீன் நாடா சுற்றிய குழாய்களையே பெரிதும் சுட்டியது. தடித்த நாடா காப்பாற்றவில்லை.

உருகிய துத்தநாகத்தில், சுமார் 450 பாகை செல்சியஸில், முக்கி எடுத்த எஃகின் கதை வேறு. அங்கே பூச்சு ஒட்டுவதில்லை, வினைபுரிந்து விளைகிறது. எஃகுக்கும் மேல்துத்தநாகத்துக்கும் இடையே காமா, டெல்டா, சீட்டா என மூன்று இரும்பு-துத்தநாகக் கலவை அடுக்குகள் உருவாகின்றன. வெளிப்புறத் துத்தநாகத்தின் கடினம், வைரப் பிரமிடு அளவுகோலில், 70 அளவு. டெல்டா அடுக்குக்கு அது 244, அடியிலுள்ள எஃகுக்கோ 159தான். உராய்ந்து இழுக்கும் மண்ணுக்கு ஈடுகொடுப்பவை இந்த நடு அடுக்குகளே.

அந்த அடுக்குகள் ஒழுங்காக வளருமா என்பதை முக்குபவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எஃகுக்குள் இருக்கும் சிலிக்கானும் தீர்மானிக்கிறது. அது ஏறக்குறைய 0.04 முதல் 0.15 விழுக்காட்டுக்குள் இருந்தால் சீட்டா அடுக்கு கட்டுக்கடங்காமல் வளர்ந்து, பூச்சு தடித்து, மங்கி, உடையும் தன்மை பெறும். சாண்டெலின் விளைவு என்று இதைச் சொல்வார்கள். அளவுகருவியில் தடிப்பு கூடுதலாகக் காட்டும்; பிடிப்பு குறைந்திருக்கும். ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமனுள்ள எஃகுக்கு, சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் கேட்கிறது ஐ.எஸ். 4759 என்ற இந்தியத் தரநிலை. அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது இதனால்தான் போதாது.

களத்தில் செய்யும் வேலையும் பூச்சைக் கெடுக்கிறது. ஜி.ஐ. பைப்புக்கு மரை வெட்டும்போது துத்தநாகம் சீவப்பட்டு வெறும் எஃகு வெளிப்படுகிறது. வெல்டிங்கில், 907 பாகையில் கொதிக்கும் துத்தநாகம் ஆவியாகிறது. சூடுபட்ட எஃகின் படிக மணிகளும் மாறி, பக்கத்து உலோகத்தோடு மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. அந்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகம் செறிந்த பெயின்ட் அடிக்காமல் மண் தள்ளுவது கரிசலில் மன்னிக்க முடியாத அவசரம்.

கரிசல் வட்டாரத்துக்கான டெண்டர்களில் மூன்று விவரங்கள் கட்டாயமாக வேண்டும்: பதிக்கும் ஆழத்தில் மழைக்காலத்தில் எடுத்த மண்ணின் மின்தடையும் உப்பளவும், எஃகின் சிலிக்கான் அளவு, பூச்சின் பிடிப்புச் சோதனை முடிவு. இவற்றைக் கேட்காத உள்ளாட்சிகளும் மின்நிறுவனங்களும் இனியாவது கேட்க வேண்டும்.