சுப்ரொகாரே

சுப்ரொகாரே என்பது, ஒருவரின் இடத்திற்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல் ஆகும். சுர்ரொகாரே என்னும் வடிவமும் உண்டு. சட்டம், மருத்துவம், கணினியியல் ஆகிய துறைகளில் வழங்கும் சில ஆங்கிலச் சொற்கள் இதிலிருந்து பிறந்தவை.

சொற்பிறப்பு

"கீழ்", "பதிலாக" எனப் பொருள்படும் சுப் என்னும் முன்னொட்டும், "கேட்டல்" எனப் பொருள்படும் ரொகாரே என்னும் வினையும் சேர்ந்து இச்சொல் உருவானது. இங்கு கேட்டல் என்பது மக்களிடம் கேட்பதாகும். உரோமைக் குடியரசில் வாக்கெடுப்பை நடத்திய அதிகாரி, தம் முன்மொழிவை மக்கள் மன்றத்தின் முன் வினாவாக வைத்தார். பதிலாளும் அவ்வாறு கேட்டே அமர்த்தப்பட்டார்.

ஆட்சியில்

உரோமையில் ஆண்டுதோறும் கான்சல் எனப்படும் உயர் ஆட்சியாளர் இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் இறந்தால், எஞ்சிய காலத்திற்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்க மற்றவர் தேர்தல் நடத்துவார். மரபுப்படி குடியரசின் முதலாண்டான கி.மு. 509 இல் கான்சல் புரூட்டசு போரில் இறந்தார். உடன் ஆட்சியாளரான வலேரியசு அவருக்குப் பதிலாள் தேடாமல் தனித்து ஆண்டதும், வேலியா மேட்டில் வீடு கட்டியதும், அவர் மன்னராக விரும்புகிறார் என்னும் ஐயத்தை எழுப்பியதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதியுள்ளார். பின்னர் நடந்த தேர்தலில் இசுப்பூரியசு லுக்ரேசியசு தேர்வானார்.

சட்டத்தில்

உரோமைச் சட்ட நூல்களில், இருக்கும் சட்டத்துடன் புதிய விதியைச் சேர்ப்பதையும் இச்சொல் குறித்தது. இக்காலக் காப்பீட்டுச் சட்டத்தில் சப்ரொகேசன் என்னும் கோட்பாடு உள்ளது. இழப்பீடு வழங்கிய காப்பீட்டு நிறுவனம், இழப்புக்குக் காரணமானவர் மீது காப்பீடு பெற்றவருக்கு இருந்த உரிமைகளை அவருடைய இடத்தில் நின்று பெறுவதே அது. இந்தியாவின் 1963 ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு இதைக் கூறுகிறது.

இக்காலப் பொருள்கள்

பிறருக்காகக் கருவைச் சுமக்கும் பெண்ணை ஆங்கிலத்தில் சரொகேட் என்பர். தமிழில் வழங்கும் "வாடகைத் தாய்" என்பது பணத்தைச் சுட்டுகிறது. இலத்தீன் வேர் பதிலாக அமைவதை மட்டுமே சுட்டுகிறது. இந்தியாவில் 2021 ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கிலான முறையைத் தடை செய்து, பொருள் ஆதாயமற்ற முறையை நிபந்தனைகளுடன் அனுமதித்தது.

கணினியியலில், யுடிஎஃப்-16 குறியாக்கத்தின் ஒற்றை அலகில் அடங்காத எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கும் இரு அலகுகள் "பதிலி இணை" ஆகும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு இது தேவையில்லை. 2019 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்குத் தேவைப்படுகிறது.