உயர் இரத்த அழுத்தம்: சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் சிறுநீர் நொதிகள்

உயர் இரத்த அழுத்தத்தால் ஏற்படும் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் வலியின்றியே தொடங்குகிறது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இயல்பு வரம்பைத் தாண்டுவதற்குள் வடிகட்டும் திறனில் ஏறத்தாழப் பாதி குறைந்திருக்கக்கூடும். ஆகவே, ‘கிரியேட்டினின் சரியாக உள்ளது’ என்ற முடிவை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. வடிந்த நீரிலிருந்து உடலுக்கு வேண்டியவற்றை மீட்டெடுப்பவை இவற்றின் நுண்குழல்கள். அக்குழல்களின் செல்களுக்குள் என்.ஏ.ஜி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி உள்ளது. இதன் மூலக்கூறு பெரியது. ஆரோக்கியமான சிறுநீரகத்தில், இரத்தத்திலுள்ள இந்நொதி வடிகட்டியைக் கடந்து சிறுநீருக்குள் வர இயலாது. எனவே சிறுநீரில் இது மிகுந்திருப்பின், குழல் செல்களே பாதிப்புற்று அதைக் கசியவிடுகின்றன எனக் கொள்ளலாம். காமா ஜி.டி., அலனைன் அமினோபெப்டிடேஸ் ஆகிய நொதிகள் அதே செல்களின் விளிம்பிலிருந்து உதிர்பவை. இரத்த அழுத்தம் கட்டுக்குள் வரும்போது என்.ஏ.ஜி. குறைவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

அப்படியாயின் இப்பரிசோதனையைத் தேடிச் சென்று செய்துகொள்ள வேண்டுமா? தேவையில்லை. சிறுநீர்த் தொற்று, ஜென்டாமைசின் போன்ற மருந்துகள், காட்மியம் முதலிய உலோகங்கள் ஆகியவற்றாலும் இந்நொதிகள் உயரும். காரணம் எது என்பதை அவை சொல்வதில்லை. இன்றளவும் இவை பெரும்பாலும் ஆய்வுகளுக்கே பயன்படுகின்றன.

நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது சிறுநீர் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். இது ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது நன்று. 300-ஐக் கடந்தால் பாதிப்பு கடுமையானது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரே இதற்கு ஏற்றது. காய்ச்சல், மாதவிடாய், கடும் உழைப்பு உள்ள நாள்களில் தர வேண்டாம். ஒருமுறை உயர்ந்திருந்தால் அஞ்சாமல் மூன்று மாத இடைவெளிக்குள் மீண்டும் பரிசோதித்து உறுதி செய்யுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த மாத்திரைகள் உங்கள் இல்லத்திற்கே வருகின்றன. மாத்திரை வீட்டிற்கு வந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருதல் அவசியம்.

திருவாரூர் மாவட்டத்தின் வயல்வெளிகளில் உழைப்போருக்கு ஒன்றைத் தனியே கூற வேண்டும். நடவு, அறுவடைக் காலங்களில் இடுப்பு வலிக்காக மருந்துக் கடையில் தாமே வாங்கி உட்கொள்ளும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள், வெயிலில் நீரிழந்த உடலில் சிறுநீரகத்திற்கான இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கின்றன. இரத்த அழுத்த மாத்திரையும் உட்கொள்பவருக்கு இந்த இடர் அதிகம். கால் வீக்கம், சிறுநீரில் நீங்காத நுரை, சிறுநீர் அளவு குறைதல் ஆகியவை தென்பட்டால், நீங்கள் உட்கொள்ளும் அனைத்து மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு தாமதமின்றி மருத்துவரை அணுகுங்கள்.