சொல்லும் வரலாறும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் நாள்தோறும் ஆங்கிலத்தோடு பழகவேண்டியிருக்கிறது. அலுவலகக் கடிதங்களிலும் நாளிதழ்களிலும் வரும் சொற்கள் தனித்தனியே நமக்குத் தெரிந்தவையே. ஆயினும் அவை கூடி மரபுத்தொடராகிவிட்டால், சொல்லுக்குச் சொல் பொருள் காண்பது உதவுவதில்லை. அத்தொடர் பிறந்த வரலாற்றை நாடவேண்டியிருக்கிறது.

'ரெட் டேப்' என்பதை நாம் 'சிவப்பு நாடா' என்கிறோம். இங்கிலாந்தில் அரசாங்கப் பத்திரங்களையும் வழக்குக் கட்டுகளையும் சிவப்பு நாடாவால் கட்டிவைப்பது பழைய வழக்கம். கட்டு அவிழ்ந்தால்தான் காரியம் நடக்கும். ஆதலின் நாடாவின் பெயரே வீண் தாமதத்துக்கும் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் கார்லைல், சார்லஸ் டிக்கன்ஸ் முதலிய எழுத்தாளர்கள் இதனை ஏளனப் பொருளில் எடுத்தாண்டனர். ஆங்கில ஆட்சியோடு நாடா கட்டும் வழக்கம் நம் நாட்டுக் காரியாலயங்களுக்கும் வந்தது. நாடாவையும் தாமதத்தையும் நாமே கண்டிருந்தமையால், நேர் மொழிபெயர்ப்பே தமிழில் வேரூன்றிவிட்டது.

எல்லாத் தொடர்களுக்கும் இந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. 'வெள்ளை யானை' என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்திரனுடைய ஐராவதம். ஆங்கிலத்திலோ, பெருஞ்செலவு வைத்துப் பயன் தராத உடைமைக்கே அப்பெயர். இத்தொடர் சயாம் நாட்டை எண்ணிப் பிறந்தது. அங்கே வெள்ளை யானை புனிதமானது. 1917 வரை யானை உருவம் அந்நாட்டுக் கொடியிலும் இடம்பெற்றிருந்தது. அதனை வேலை வாங்கலாகாது. தீவனம் மட்டும் குறைவின்றி இடவேண்டும். தமக்கு வேண்டாத பிரபுவை நொடிக்கச் செய்ய, அரசர் அவருக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பார் என்றொரு கதை மேல்நாடுகளில் வழங்கிற்று. புதிதாக எழுந்த ஒரு கட்டடத்தை நாளிதழ் 'வெள்ளை யானை' என்று எழுதினால், அது புகழ்ச்சியன்று, கண்டனம்.

மூன்றாவது, 'குருட்டுக் கண்ணைத் திருப்புதல்' என்று சொல்லளவில் பொருள்படும் 'டர்ன் எ பிளைண்ட் ஐ'. இதனை ஆங்கிலக் கப்பற்படைத் தலைவர் நெல்சனோடு இணைத்துப் பேசுவர். 1794இல் கார்சிகாத் தீவில் நடந்த போரில் அவர் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். 1801ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் கோபன்ஹேகன் போரின்போது, மேல் தளபதி ஹைட் பார்க்கர் போரை நிறுத்துமாறு கொடியடையாளம் காட்டினார். நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து, அடையாளம் ஏதும் தெரியவில்லை என்றாராம். போர் தொடர்ந்தது, வெற்றியும் கிட்டியது.

இங்கே தெரியாமை இல்லை. தெரிந்தே செய்த செயல்தான் இருக்கிறது. ஓர் ஊழியர் முறைகேட்டைக் 'கவனிக்கத் தவறினார்' என்று எழுதினால், அது அசட்டை. 'கண்டும் காணாதவர்போல் இருந்தார்' என்றால், அது மனமறிந்த குற்றம். ஆங்கிலத் தொடர் சொல்வது பின்னதையே. விசாரணைக் குறிப்பு ஒன்றில் இவ்விரண்டும் இடம் மாறினால், ஒருவருடைய பிழைப்பே ஆட்டங்காணக்கூடும்.

'கண்டும் காணாமல்' என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அன்றாடம் வழங்கும் சொல். நெல்சனை அறியாதார் வாயிலும் அது உண்டு. ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் இத்தகைய தொடருக்குப் பொருள் கேட்கும்போது, அது பிறந்த கதையைச் சொல்வோம். உடனே அதற்கிணையான தமிழ் வழக்கையும் சொல்வோம். இரண்டு மொழியும் அவர்களுக்குத் துலங்கும்.