நெல் லாரிச் சோதனை

காவிரிப் படுகையின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை ஏற்றும் முன்பும் இறக்கும் முன்பும் லாரியைப் பார்வையிடும் முறை. திருக்கடையூர் உள்ளிட்ட மயிலாடுதுறை மாவட்டத்தில், 1972இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இந்நிலையங்களை நடத்துகிறது.

நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. களத்தில் காயவைத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்த நெல், ஈரமான லாரியில் ஒரே இரவில் கெட ஆரம்பித்துவிடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அடிப்பலகை. பலகை இடுக்கில் கையை வைத்துத் தடவினால் ஈரமும் துருத்திய ஆணியும் தெரிந்துவிடும். ஆணி சாக்கைக் கிழித்தால் வழியெல்லாம் நெல் சிந்தும். முந்தைய சரக்கு உரமோ உப்போ என்றால் கூட்டிக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே ஏற்றலாம். தார்ப்பாயை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தால் ஊசித்துளைகூடக் கண்ணில் படும். குறுவை அறுவடை மழையோடு வருவதால் இதில் அலட்சியம் கூடாது.

டயர், பிரேக், பின்கதவுக் கொக்கி ஆகியவையும் சரிபார்க்கப்படும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் யாரும் மேலே ஏறக்கூடாது. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000.

இறக்கும் இடத்தில் ஆபத்து வேறு. பயணத்தில் சரிந்த மூட்டைகள் கதவைத் திறந்ததும் ஆள்மேல் விழும். கொக்கியைக் கழற்றுபவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பிறகு அடியடுக்கு மூட்டைகளில் குத்தூசி செலுத்தி, ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.