சுவடியின் கடைசி ஓலையும் இசைத்தட்டின் உறையும்

நல்ல ஒலிக்கருவிகளைத் தேடி வாங்கியவர்கள் அடுத்து எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதில் எதைக் கேட்பது? ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் எத்துணை விலை உயர்ந்தவையாயினும், பதிவில் இல்லாத ஒன்றை அவை தரப்போவதில்லை. மாறாக, பதிவில் உள்ள குறையை ஒளிக்காமல் காட்டிக்கொடுத்துவிடும். இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை மேலைநாட்டு ஜாஸ், சிம்பொனி இசைத்தட்டுகளின் பட்டியல். அவற்றின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தம்புராவின் ஜீவாவையும் மிருதங்கத் தொப்பியின் கும்காரத்தையும் கேட்டுப் பழகிய காதுக்கு, உரைகல் தன் இசையாகத்தானே இருக்க முடியும்?

நம் பார்வையில் இது கருவி பற்றிய கேள்வியே அன்று. பதிப்பு பற்றிய கேள்வி. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது கையில் கிடைத்த ஏதோவொரு பிரதியை அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டார். பிரதியிலிருந்து பிரதி எடுக்கும்போது எழுத்து எப்படித் திரியும் என்பதை அறிந்திருந்தார். ஏடுகள் பலவற்றின் இறுதி ஓலையில் எழுதியவர் பெயரும் ஊரும் எழுதி முடித்த நாளும் இருக்கும். அந்தக் கடைசி ஓலை உதிர்ந்துபோன சுவடி, தன் பிறப்பைச் சொல்ல இயலாத சுவடி. ஒலிப்பதிவுகளின் வரலாற்றையும் இதே கண்கொண்டு பார்க்கலாம் என்பதே நம் எண்ணம்.

கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகள் 1902-இல் கல்கத்தாவில் நடந்தன. லண்டனிலிருந்து வந்த ஃப்ரெட் கெய்ஸ்பெர்க், கௌஹர் ஜான் உள்ளிட்டோரைப் பதிவு செய்தார். அன்று ஒலிவாங்கி கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய குழலின் வாய்க்குள் பாடவேண்டும். காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கீறும். பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்வார். 1908-இல் கல்கத்தாவில் தட்டு அச்சிடும் ஆலை அமையும்வரை, பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய் இசைத்தட்டுகளாகித் திரும்பின. மொழி அறியாத அந்த ஊரில் பாடகரை அடையாளம் காட்டியது அந்தக் குரல்தான். சுவடியின் கடைசி ஓலை இசைத்தட்டில் இவ்வாறு குரலாக மாறியது.

இக்காலத்துப் பதிவுகளில் கொங்கு நாட்டவரான நாம் பெருமையோடு நினைக்கத்தக்க பெயர் ஒன்று உண்டு. கோயம்புத்தூர் தாயி (1872–1917). பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் மாணவரான மோரிஸ் டெலாஜ் 1912-இல் இந்தியப் பயணம் வந்தபோது தாயியின் பாட்டில் மனம் பறிகொடுத்தார். அவருடைய இசைத்தட்டுகளைப் பாரிஸுக்குக் கொண்டுசென்று திரும்பத் திரும்பக் கேட்டார். அத்தட்டுகளில் ஒன்றைப் பின்பற்றி ‘ராகமாலிகா’ என்றே பெயரிட்டு ஒரு பாடல் இயற்றினார். அதில் பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகும்படி குறிப்பெழுதினார். நம் தாளவாத்தியத்தின் அடங்கிய ஓசையை ஒத்த ஒன்றை அவர் தேடினார் போலும். மேற்கில் பியானோவின் தந்திகளோடு இவ்வாறு பொருள் செருகி வாசித்த மிகத் தொடக்ககால முயற்சிகளில் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இங்கே சற்று நிற்க வேண்டும். குழல்வழிப் பதிவில் அடித்தள ஓசையும் இல்லை, மேல்தள நுண்மையும் இல்லை. இன்றைய அளவுகோலில் அது ‘நல்ல பதிவு’ ஆகாது. ஆயினும் ஒரு கமகத்தின் வளைவைக் கடல் கடந்த ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ளும் அளவுக்கு அது உண்மையாய் இருந்தது. ஆகவே நல்ல பதிவு என்பது அலைவரிசையின் அகலம் மட்டுமன்று. பாடியவரின் கருத்து எவ்வளவு சிதையாமல் வந்து சேர்கிறது என்பதே முதற் கேள்வி.

1925-இல் ஒலிவாங்கியைக் கொண்ட மின்முறைப் பதிவு வணிகத்துக்கு வந்தது. குழலுக்குள் கத்த வேண்டிய தேவை ஒழிந்தது. கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் எஸ்.ஜி.கிட்டப்பாவும் நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டிய தங்கள் குரலை இசைத்தட்டின் வழியே ஊர் ஊராக அனுப்பிய காலம் இது. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்துவிட்டார். அவரை மேடையில் கேட்டவர் எவரும் இன்றில்லை. நமக்கு அவர் என்பது அத்தட்டுகள் மட்டுமே. தட்டு தேய்ந்தால் கிட்டப்பா தேய்கிறார். நாடகம், இசைத்தட்டு, திரைப்படம் ஆகியவற்றை வரலாற்று ஆவணங்களாகக் கொண்டு தாராபுரத்தில் பிறந்த சு.தியடோர் பாஸ்கரன் 1981-இல் நூல் எழுதியபோதுதான் நம் கல்விப்புலம் இத்திசையில் திரும்பிப் பார்த்தது.

பேசும்படம் வந்தபின் பாடபேதம் என்ற சிக்கலும் கூடவே வந்தது. அக்காலத் திரைப்பாடல்களில் பல, படத்தில் ஒரு வடிவிலும், இசைத்தட்டுக்கெனத் தனியே பாடிய வேறொரு வடிவிலும் உள்ளன. சங்கதிகள் வேறு, காலப்பிரமாணம் வேறு. எதைக் கேட்கிறோம் என்று அறியாமல் ‘அந்தப் பாட்டு’ என்று பேசுவது பிழையாகிவிடும்.

1948-இல் அமெரிக்காவில் நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால் சொச்சம் சுற்றும் நெடுநேர இசைத்தட்டு அறிமுகமானது. மூன்று நிமிடச் சிறையிலிருந்து கர்நாடக இசைக்கு விடுதலை அளித்தது அதுவே. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தபோது ஆலாபனை மூச்சு விடத் தொடங்கியது. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வெளிவந்தது. தமிழகத்தின் வைகறையை இன்றும் ஆளும் அந்த ஒலியை, கோயில் கூம்பு ஒலிபெருக்கியில் அல்லாமல் நல்லதொரு பிரதியில் அமைதியான அறையில் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? ராதா விசுவநாதனின் குரல் எம்.எஸ்.ஸின் குரலோடு எங்கே இணைகிறது, எங்கே விலகுகிறது என்பதை அப்போதுதான் அறிகிறோம். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் வெளியிட்ட ராம்நாட் கிருஷ்ணனின் ‘வித்வான்’ இவ்வகையில் தேடிக் கேட்க வேண்டிய மற்றொன்று. அடங்கிய குரலில், கார்வைகளில் வாழும் பாணி அவருடையது. கரகரக்கும் பிரதியில் அது பாதிகூட வந்து சேராது.

தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ முறைக்கு முன்னோடி என்று பெயர் பெற்றது 1978-இல் வந்த ‘ப்ரியா’. அதே இளையராஜா திரைக்கு வெளியே 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-இல் ‘நத்திங் பட் விண்ட்’ ஆகிய தொகுப்புகளை அளித்தார். முன்னதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினும் பின்னதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலும் முதன்மை. திரைக்காட்சியின் கட்டளை இல்லாமல் வாத்தியங்கள் தமக்குள் உரையாடும் இவ்விரண்டும் நல்ல கருவியில் கேட்க ஏற்றவை. இடப்பக்கத் தந்திகள் கேட்க, வலப்பக்கத் தந்திகள் விடை கூறுவதை ஒற்றை ஸ்பீக்கரில் உணர இயலாது.

ஆனால் அந்நாளில் இவற்றை நாம் எப்படிக் கேட்டோம்? கேசட்டில். பனியன் ஏற்றுமதி பெருகி நல்லூரைச் சுற்றிலும் கம்பெனிகள் முளைத்த அதே பத்தாண்டுகளில்தான் கேசட்டும் பெருகியது. தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தால், எல்.பி.யிலிருந்து தொண்ணூறு நிமிட நாடாவில் பதிந்து தருவார்கள். அதிலிருந்து நண்பர் ஒரு பிரதி எடுப்பார், அதிலிருந்து இன்னொருவர். இரவு ஷிப்டில் பின்னல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே ஒலித்தவை இவ்வாறு நான்காம் கை, ஐந்தாம் கைப் பிரதிகளே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒலிப்பதிவுக் கூடத்தின் நாடா வினாடிக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் ஓடும்; கேசட்டோ ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. எட்டில் ஒரு பங்கு வேகம். அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள்ளேயே இரண்டு பக்கங்கள். ஒவ்வொரு பிரதியிலும் சீற்றொலி கூடும், உச்ச ஓசைகள் மங்கும். கேசட்டை நாம் பழிக்கவில்லை. இசைத்தட்டு வாங்க வசதியற்றவரின் வீட்டுக்கும் ராகத்தைக் கொண்டுவந்தது அதுவே. என்றாலும், ஒரு தலைமுறையின் இசை நினைவு மூலத்தின் நினைவன்று, பிரதியின் நினைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பழைய பாட்டு இப்படித்தான் மங்கலாக இருக்கும்’ என்று நாம் நம்பியதற்குக் காலம் காரணமன்று, பிரதி காரணம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தவர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். இலங்கையில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர், ‘வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ்’ என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார். 1992 செப்டம்பரில் சாந்தா பார்பரா நகரின் தேவாலயம் ஒன்றில் விஸ்வமோகன் பட்டையும் ரை கூடரையும் எதிரெதிரே அமர்த்திப் பதிவு செய்தார். அதற்குச் சற்று முன்னர்தான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்திருந்தனர். ஆலன் ப்ளூம்லைன் 1931-இல் வகுத்த முறையில் குறுக்காக வைத்த இணை ஒலிவாங்கி, வால்வுக் கருவிகள், நாடா. ஓசையைத் திருத்தும் எந்த இடையீடும் இல்லை. ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்று 1993-இல் வெளிவந்த அத்தொகுப்பு மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. அதில் தேவாலயத்தின் உயரத்தைக்கூடக் கேட்க முடிகிறது. ‘மும்தாஜ் மஹால்’ என்ற மற்றொரு தொகுப்பில் சித்ரவீணை ரவிகிரணையும் அவர் பதிவு செய்தார். நமக்கு முக்கியமானது, எந்த முறையில், எத்தகைய கருவியில் பதிந்தோம் என்பதை அந்நிறுவனம் உறையிலேயே அச்சிட்டது. கடைசி ஓலை மீண்டும் கிடைத்தது எனலாம்.

குறுந்தகடு வந்தபின் சீற்றொலி மறைந்தது. வேறொரு நோய் வந்தது. மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வேறுபாட்டை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே உரத்தில் ஒலிக்கச் செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவியது. பழம் பதிவுகளின் சில மறுவெளியீடுகளில் எதிரொலியையும் புதிய தாளத்தையும் சேர்த்து ‘மெருகூட்டினார்கள்’. இது இடைச்செருகல் அன்றி வேறென்ன? இதே காலத்தில் நற்பணியும் நடந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் தம் தொகுப்புகளின் உறையில் வாத்தியக் கலைஞர், ஒலிப்பொறியாளர் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கினார். ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’ ஆகிய படங்களின் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்ற எச்.ஸ்ரீதரின் பெயரை நம்மில் சிலர் அறிந்தது அவ்வுறைகளின் வழியேதான். அவர் 2008 டிசம்பரில் மறைந்தார். அவருக்கு முன்னிருந்த எத்தனையோ ஒலிப்பதிவாளர்களின் பெயர்கள், நாம் நாள்தோறும் முணுமுணுக்கும் பாடல்களின் உறைகளில் இல்லவே இல்லை.

ஆகவே நல்ல பதிவைத் தேடுபவருக்கு நாம் கூறுவது இதுதான். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் உறையைப் படியுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கூடம், யார் பதிந்தது, எதிலிருந்து எடுத்த பிரதி என்று கேளுங்கள். ஒரே பாட்டின் இரண்டு வெளியீடுகள் கிடைத்தால் ஒப்பிடுங்கள். தம்புரா பாட்டின் அடியில் இடைவிடாமல் ஓடுகிறதா? தொப்பியின் ஓசை வலந்தலையிலிருந்து பிரிந்து கேட்கிறதா? பாடகர் மூச்சிழுக்கும் கணம் இருக்கிறதா? கார்வை அடங்கும்போது அறை கேட்கிறதா, அல்லது வெட்டியெறிந்த வெறுமை கேட்கிறதா? எங்கள் ஊரில் இதைச் சோதிக்கத் தீபாவளி விடுமுறையே தக்க காலம். கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் அந்தச் சில நாட்களில்தான் மிக மெல்லிய ஓசைக்கும் நல்லூரில் இடம் கிடைக்கிறது.

மற்றொன்றும் உண்டு. மூல நாடாக்கள் காந்தப்பூச்சு உதிர்ந்து அழிந்து வருகின்றன. அவற்றைக் காப்பது பெரிய நிறுவனங்களின் பணி. ஆனால் வீட்டுப் பரணில் கிடக்கும் இசைத்தட்டின் உறையில் உள்ளதைப் படியெடுத்து வைப்பதும், பதிவுக் கூடங்களில் பணியாற்றிய மூத்தவர்கள் இருக்கும்போதே யார் எதைப் பதிந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்வதும் நம் போன்றோரால் இயலும். சிந்தாமணிக்கு ஏடு தேடிய மரபு நம்முடையது. செவிக்குரிய ஏடுகளையும் அந்த அக்கறையோடு தேடுவோம்.