உணரிகளின் கைமாற்று ஓட்டம்

நான் வசிக்கும் டீட்டிகோனிலிருந்து ரயிலேறினால் கால் மணி நேரத்தில் சூரிக் நகரம். அங்குள்ள ஈ.டி.எச். தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'டோசர்' என்னும் செய்நெறியைப் பற்றியது இக்குறிப்பு.

உணரி என்பது வெப்பம், ஈரம், அசைவு போன்றவற்றை அளந்து வானொலி அலையில் அனுப்பும் சிறு கருவி. மின்கலத்தில் இயங்குவதால் அதன் குரல் தூரம் எட்டாது. எனவே அண்டையிலுள்ள கருவியிடம் செய்தியைக் கொடுக்கும். அது அடுத்ததிடம் கொடுக்கும். தீயணைக்க வாளியைக் கைமாற்றுவது போலத்தான். யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பதே வழிப்படுத்தல்.

பத்து கருவிகள் என்றால் ஒவ்வொன்றும் முழு வரைபடத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் என்றால், வரைபடத்தைப் புதுப்பிக்கும் பேச்சிலேயே மின்கலம் தீர்ந்துவிடும். ஆகவே பெரிய வலையமைப்பில் எந்தக் கருவிக்கும் முழு ஊரும் தெரிய வேண்டியதில்லை. அக்கம்பக்கம் தெரிந்தால் போதும்.

சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன் உள்ளிட்ட எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2000-இல் 'லீச்' முறையை முன்வைத்தார்கள். கருவிகள் குழுக்களாகப் பிரியும். தலைவர் பதவி சுழன்று வரும். களைப்பு எல்லோருக்கும் பொது.

2007-இல் வெளியான டோசர் வேறு வழியில் சென்றது. ஒவ்வொரு கருவியும் நிலையத்துக்கு நெருக்கமான ஒரு 'பெற்றோரை'த் தேர்ந்துகொள்ளும். பெற்றோர் குறித்துக் கொடுத்த நேரத்தில் மட்டும் விழித்துப் பேசும். வானொலி விழித்திருப்பது ஆயிரத்தில் சுமார் இரண்டு பங்கு நேரமே. 2003 கோடையில் மாட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்தது. பின்னர் 2008-இல் 'பெர்மாசென்ஸ்' திட்டத்தார் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அங்கே உணரிகளைப் பொருத்தி, டோசர் வழியே தரவு பெற்றார்கள்.

ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. நிலையத்தை ஒட்டிய கருவிகள் எல்லோர் சுமையையும் தூக்குகின்றன. அவையே முதலில் ஓய்கின்றன. கருவிகள் பெருகப் பெருக நிலையங்களும் பெருக வேண்டும்.

நமக்கு நெருக்கமான மலை மூணாறு. அங்கே அந்தோணியார் காலனிச் சரிவில், நிலத்தைத் துளைத்து உணரிகளை இறக்கி, நிலச்சரிவை முன்னறியும் வலையமைப்பை 2009 வாக்கில் அமிர்தா பல்கலைக்கழகம் நிறுவியது. 2020 ஆகஸ்டில், அதே மலைத்தொடரின் பெட்டிமுடியில் நிலம் சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்தினர்.

உணரி தான் நிற்கும் சரிவைப் பற்றி மட்டுமே பேசும். சரிவு தோறும் கருவியை நிறுத்துவது செலவையும் மனத்தையும் பொறுத்தது. ஆயிரம் கருவிகளைப் பேசவைக்கும் கணக்கு கைவசம் இருக்கிறது.