நாக ஒட்சைட்டு (சருமப் பூச்சுகளில்)

துத்தநாகமும் ஒட்சிசனும் சேர்ந்த வெண்ணிறத் தூள். நீரில் கரையாது. குழந்தைகளின் நாப்கின் புண்ணுக்கான களிம்பு, முகப்பவுடர், சன்ஸ்கிரீன் ஆகியவற்றில் சேர்க்கப்படுகிறது. பாமசிகளில் கிடைக்கும் கலமைன் லோஷனில் முதன்மைப் பொருள் இதுவே; அதன் இளஞ்சிவப்பு நிறம் சிறிதளவு இரும்பு ஒட்சைட்டால் வருவது.

வெயிலைத் தடுப்பதே இதன் சிறப்பு. புறஊதாக் கதிர்களின் ஏ, பி ஆகிய இரு வகைகளையும் இது மறிக்கிறது. கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடுகிறது என்பது பரவலான எண்ணம்; உண்மையில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. ஐரோப்பிய விதிகள் 25 வீதம் வரை அனுமதிக்கின்றன. நுண்துகள் வடிவை நுரையீரலுக்குள் செல்லக்கூடிய ஸ்பிரேக்களில் சேர்க்க அங்கு அனுமதியில்லை.

இலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரையோரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஆண்டு முழுதும் புறஊதாக் கதிர் கடுமையாக விழுகிறது; கடற்பரப்பும் மணலும் அதைத் தெறிக்கவிடுவதால் தோணிக்காரருக்கும் கரைவலை இழுப்போருக்கும் பாதிப்பு கூடுதல். நிழலும் தொப்பியும் நீண்ட கைச்சட்டையுமே முதற்காப்பு, பூச்சு அதற்குத் துணை. வியர்வையிலும் கடல்நீரிலும் பூச்சு கழுவுண்டு போகும். ளுஹர், அஸர் தொழுகைகளுக்கு வுழூச் செய்து கழுவியபின் முகத்திலும் கைகளிலும் மறுபடி பூசுவது அவசியம்.

இது தோலை வெளுக்கச் செய்யாது. பூசியதும் தெரியும் வெண்மை வெறும் படிவு. வெளுப்பதாகச் சொல்லி விற்கும் சில கிறீம்களில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பொருட்பட்டியல் அச்சிடாத கிறீமை வாங்காதீர்கள்.